ஜி கார்டில் நின்ற பஸ்

மூன்று கார்டுகளைச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிற தொழில் என்னுடையது. மலேசியாவின் ஸ்கூடாயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் நான்கு கீபோர்டுகள், ஒரு மின்விசிறி, ஒரு வெள்ளைப் பலகை. இவ்வளவுதான் என் இசைப்பள்ளி. கீழே சக்கரத்து நட்டைக் கழற்றும் இயந்திரம் அலறும்போது மேலே நாங்கள் சத்தத்தைக் கூட்டுவோம். நாங்கள் தப்பாக வாசிக்கும்போது அவர்கள் இயந்திரத்தைப் போடுவார்கள். பதினான்கு வருஷமாக ஒருவரை ஒருவர் இப்படிக் காப்பாற்றி வருகிறோம்.

கார்டு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூன்று சுரங்களை ஒரே சமயத்தில் அழுத்தினால் அது கார்டு. எப்படி அழுத்துவது என்பதைப் பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒன்றை விட்டு அடுத்ததற்கு எப்போது போவது என்பதைச் சொல்லிக்கொடுப்பதற்குள்தான் தலை நரைத்துவிடுகிறது. பிள்ளைக்குச் சைக்கிள், கணவருக்குக் கைபேசியில் படம் அனுப்புவது என்று நீங்களும் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்தவராக இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். அந்த அனுபவம் இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களும் படிக்கலாம், தடையில்லை.

வீடு, கடை, பாலம்

பரமசிவம் அண்ணன் முதல் நாள் வந்தபோது கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. வயது ஐம்பத்தேழு. ஸ்கூடாயில் ஆட்களை ஏற்றி, ஜொகூர் பாலம் தாண்டி, சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷமாக அதே பாலம், அதே நெரிசல். "ஒரே ஒரு பாட்டு போதும் டீச்சர்" என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டேன். பாட்டைச் சொல்வதற்கு முன்னால் மனைவியைப் பற்றிச் சொன்னார். சரோஜா அக்கா கோயில் பஜனைக் குழுவில் முதல் குரல். போன வருஷம் தைராய்டு ஆபரேஷன். உடம்பு தேறிவிட்டது, குரல் மட்டும் இறங்கிப்போய் அங்கேயே தங்கிவிட்டது. பழைய சுருதி எட்டவில்லை. ஆர்மோனியக்காரரிடம் கேட்டுப் பார்த்தால், எல்லாரும் இந்தச் சுருதிக்குப் பழகிவிட்டார்கள், இறக்க முடியாது என்கிறார். அன்றிலிருந்து அக்கா பாடவில்லை. "அவ குரல் எங்க இருக்கோ, அங்க நான் வாசிச்சிட்டா? ஆடி மூணாவது வெள்ளி கோயில்ல அவ எப்பவும் பாடற அம்மன் பாட்ட பாடிடணும். அவ்ளோதான்" என்றார், பஸ் புறப்படும் நேரத்தைச் சொல்வது போல. ஆடி மூன்றாவது வெள்ளிக்குப் பதினொரு வாரம் இருந்தது. மனுஷருக்கு அதுவரை ஊதுகுழல்கூட ஊதிப் பழக்கமில்லை.

பலகையில் எழுதிக் காட்டினேன். சி கார்டு வீடு. பாட்டு பெரும்பாலும் அங்கே தொடங்கும், கடைசியில் அங்கேதான் வந்து உட்காரும். அது ஒன்றாம் நம்பர். எஃப் கார்டு, பக்கத்தில் இருக்கிற மாமாக் டீக்கடை. நாலாம் நம்பர். காலாற நடந்து போகலாம், டீ குடிக்கலாம், மனசு வந்தால் வீட்டுக்குத் திரும்பலாம், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம், அவசரமே இல்லை. ஜி கார்டு அஞ்சாம் நம்பர், அதுதான் பாலம். அங்கே யாரும் குடியிருப்பதில்லை. அங்கே போய் நின்றுவிட்டால் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரே நினைப்புதான், எப்போது வீடு. கேட்பவருக்கு இசை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஜி ஒலித்தால் காது தானாக சி-யைத் தேடும். இந்த உவமானத்தை இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்று கொஞ்சம் கூடுதலாகவே விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. அண்ணன் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"பாலத்துல நிக்கறவனுக்கு வீடு எந்தப் பக்கம்னு நீங்க சொல்லித் தரணுமா, டீச்சர்?"

சட்டமா, வழக்கமா?

அண்ணன் வரும் அதே செவ்வாய்க்கிழமை வகுப்பில் இன்னொரு மாணவர் தில்லையம்பலம் அங்கிள். சிலோன்காரர், வயது எழுபதைத் தாண்டியவர், அரசாங்கத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதி போடுவார். ஜி-க்குப் பிறகு சி வரும் என்று நான் சொன்னதும் பேனாவைத் தூக்கிவிட்டார். "வரும் எண்டால் வரலாம் எண்டா, வரவேணும் எண்டா? எங்கே எழுதியிருக்கு, பிள்ளை?" பதினான்கு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கேயும் எழுதவில்லை அங்கிள், காதுக்கு அப்படித் தோன்றும் என்றேன். காதுக்குத் தோன்றுவதை எந்த ஆபீசிலும் ஏற்க மாட்டார்கள் என்றார்.

சரி, வாயால் சொல்லி ஜெயிக்க முடியாது என்று வாசித்துக் காட்டினேன். சி, எஃப், ஜி, அப்புறம் சி-க்குப் பதிலாக ஏ மைனர். வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து, வாசலில் வளைந்து, தம்பி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிற கார்டு அது. வீடு மாதிரியே இருக்கும். வீட்டில் இருக்கிற மூன்று சுரங்களில் இரண்டு அங்கேயும் இருக்கும். ஆனால் வீடு இல்லை. பரமசிவம் அண்ணன் "அலமாக், ஏமாத்திட்டாங்க" என்றார். அங்கிள் கண்ணை மூடி மூன்று தடவை கேட்டார். பிறகு நோட்டில் தான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"அப்ப இது சட்டமில்லை, வழக்கம். வழக்கத்தை மீறினால் தண்டனை இல்லை, பிள்ளை, விசாரணை மட்டும்தான்."

சீக்கிரம் போய்ச் சேரும் நோய்

ஐந்தாவது வாரத்துக்குள் பரமசிவம் அண்ணனுக்கு மூன்று கார்டும் கைவந்துவிட்டன. தடித்த விரல்கள்தான், ஆனால் தவறுவதில்லை. அவருக்கு இருந்தது வேறு நோய். பாடுகிறவர் கடைசி வரியை இழுத்து முடிப்பதற்குள் அவர் ஜி-யை விட்டுக் கிளம்பி சி-க்குப் போய் உட்கார்ந்துவிடுவார். நான் பாடிக்கொண்டிருப்பேன், அவர் வீட்டில் இருப்பார். இரண்டும் ஒட்டாமல் பல் கூசும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னேன். இரண்டிலேயே புறப்பட்டார். காலால் தாளம் போடச் சொன்னேன். அந்தக் கால் ஆக்சிலேட்டரை அழுத்துகிற கால், வேகம் இன்னும் கூடியது.

அன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது, மறைக்கவில்லை. "அண்ணே, பாடறவங்க இன்னும் பாலத்துலயே நிக்கறாங்க. நீங்க அதுக்குள்ள வீட்டுக்குப் போயி, குளிச்சி, கைலி மாத்திட்டு உக்காந்துட்டீங்க. அவங்கள ஏத்திக்கிட்டு வர வேணாமா? நீங்க டிரைவர்தானே?" என்று கத்தினேன். கீழே டயர் கடைக்காரர்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அண்ணன் கோபிக்கவில்லை. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உண்மையாகவே யோசித்துச் சொன்னார்:

"இருபத்தாறு வருசமா பாலத்துல நிக்கறேன் டீச்சர். அங்க ஒரு நிமிசம் சேத்து நிக்கச் சொன்னா உடம்பு கேக்க மாட்டேங்குது."

பீன்ஸ் நறுக்கும் சுருதி

சரோஜா அக்காவின் குரல் இப்போது எந்தச் சுருதியில் இருக்கிறது என்பது தெரியாமல் எதை வாசிப்பது? கேட்டால் பாட மாட்டார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே தாமான் குடியிருப்பில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அண்ணனின் சின்னக் கீபோர்டு, திறந்த சமையலறையில் அக்கா. என்னை வரவேற்றார், உட்காரச் சொன்னார், மைலோ கலக்கிக் கொடுத்தார். பாட்டுப் பேச்சை எடுத்ததும் முகம் சுருங்கிப்போனது. "பேங்க்லேர்ந்து போன் பண்றவங்க என்னய சார்ங்கறாங்க, டீச்சர். மார்க்கெட்ல பின்னாலேர்ந்து பேசினா, ஒத்திக்கங்க அங்கிள்ங்கறாங்க. இந்தக் குரல எடுத்துக்கிட்டு போயி நான் அம்மன் முன்னால நிக்கணுமா?" என்றார். சொன்ன குரல் கனமாகத்தான் இருந்தது. எனக்கு அது அழகாகவும் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மைலோவைக் குடித்தேன். சில சமயம் என் வாய் உதவ வேண்டிய இடத்தில் உதவுவதில்லை.

அவர் பீன்ஸ் நறுக்கப் போய்விட்டார். நானும் அண்ணனும் கீபோர்டு பக்கம் போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கத்தி பலகையில் விழும் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் வந்தது. அக்கா தனக்கே தெரியாமல் முனகிக்கொண்டிருந்தார், அதே அம்மன் பாட்டை. நான் கீபோர்டின் சத்தத்தை மிகக் குறைத்து ஒற்றை விரலால் தேடினேன். சி-க்கு நாலு படி கீழே. அண்ணனுக்கு நாலு விரலைக் காட்டினேன், அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம். ஆர்வம் தாங்காமல் அண்ணன் பாட்டை வாசிக்க ஆரம்பித்தார், வழக்கப்படி கடைசி வரி முடிவதற்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கத்தி நின்றது. சமையலறையிலிருந்து குரல் வந்தது:

"அங்க இன்னும் அரை வரி பாக்கி இருக்கு. பாட ஆள் இல்லன்னா பாட்டயும் வெட்டிடுவீங்களா?"

சாத்தாமல் போன கதவு

எங்கள் தொழிலில் பலரும் வெளியே சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நீங்கள் சி-யை வாசித்தாலும் சத்தம் நாலு படி கீழேயோ மேலேயோ கேட்கும். விரல் பழைய இடத்திலேயே இருக்கும், பாட்டு மட்டும் இடம் மாறிவிடும். ஊரில் உள்ள கல்யாணக் கச்சேரிக்காரர்களில் பாதிப் பேர் பொத்தான் புண்ணியத்தில்தான் எல்லாச் சுருதியிலும் வித்வான்கள். நானும் எத்தனையோ மேடைகளில் அழுத்தியிருக்கிறேன், மறுக்கவில்லை. பரமசிவம் அண்ணனுக்கு அதைக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. "இவ்ளோதானா? கியர் மாத்தற மாதிரி" என்றார். அன்று வகுப்பு முழுக்க நாலு படி கீழே இறக்கி வைத்து வாசித்தார். பிறகு எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு, போய்விட்டார். பொத்தானை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவரவில்லை.

அடுத்த பத்தாவது நிமிஷம் யாமினி வந்தாள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படிக்கும் பெண், என்னிடம் கித்தார் கற்கிறாள். நான் கீபோர்டில் சி வாசித்தேன், அவள் கித்தாரில் சி வாசித்தாள். இரண்டும் இரண்டு ஊரில் இருந்தன. அவள் கைபேசியில் சுருதி பார்க்கிற ஆப், கித்தார் சரியாக இருக்கிறது என்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆப்பை விடு, கீபோர்டு பொய் சொல்லாது" என்று சொன்னேன். டீச்சர் வார்த்தையை நம்பி அந்தப் பெண் ஆறு கம்பிகளையும் நாலு படி தளர்த்தினாள். முக்கால் மணி நேரம் அந்தத் தொளதொளத்த கம்பியில் வாசித்தோம். இது என்ன சத்தம் என்று நானே அவளைத் திட்டவும் செய்தேன். பிறகுதான் என் கண் பொத்தானுக்குப் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்த நாலைப் பார்த்தது. பரமசிவம் அண்ணன் பொத்தானை விட்டுப் போனதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யாமினி கித்தாரைத் தூக்கிக் காட்டினாள்:

"டீச்சர், இதுல இனிமே துணிதான் காயப் போடலாம் லா. அந்த பஸ் அங்கிள போகும்போது கதவச் சாத்திட்டுப் போகச் சொல்லுங்க."

நாலு, அஞ்சு, ஒண்ணு

ஆடி மூன்றாவது வெள்ளிக்கு முந்திய புதன்கிழமை கோயில் மண்டபத்தில் ஒத்திகை. சரோஜா அக்கா வந்திருந்தார். அதுவே பெரிய விஷயம். வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "பாட மாட்டேன், சும்மா பாக்க வந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தில்லையம்பலம் அங்கிளும் வந்திருந்தார். யாரும் அழைக்கவில்லை, மேற்பார்வைக்கு வந்தேன் என்றார். அண்ணன் ஒரு மூலையில் கீபோர்டோடு, நான் எதிர்த் தூணில். மேடையில் பேச முடியாதே, அதனால் எங்கள் வழக்கப்படி விரல் காட்டினேன். ஒரு விரல் என்றால் வீடு, நாலு விரல் என்றால் கடை, ஐந்து விரல் என்றால் பாலம். முக்கியமான கட்டளை ஒன்றும் கொடுத்திருந்தேன். கடைசி வரியில் பாலத்துக்குப் போனதும் என் ஒற்றை விரல் தெரியும்வரை அசையவே கூடாது.

நாலு விரலைத் தூக்கினேன். அண்ணன் சரியாகக் கடைக்குப் போனார். ஐந்து தூக்கினேன், பாலம். பாட்டை நானே மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் ஒற்றை விரலைத் தூக்குவதற்குள் அவர் கிளம்பிவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாமதமாகத் தூக்கிய ஒற்றை விரலோடு நான் தலையில் கை வைத்த நேரத்தில் பின்னால் யாரோ கனைத்தார்கள். மண்டபத்தில் டீ கவனிக்கும் முனியாண்டி, பெரிய தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டில் நாலு டீ. அதற்குப் பின்னால் ஒரு நாற்காலியில் இன்னும் ஐந்து. கையில் தனியாக ஒன்று. "நாலு கேட்டீங்க, கொண்டாந்தேன். அப்புறம் அஞ்சுன்னீங்க. இப்ப ஒண்ணுங்கறீங்க. இங்க மொத்தமே நாலு பேருதானம்மா இருக்கீங்க?" என்றார். மண்டபத்தில் திடீரென்று ஒரு சிரிப்பு எழுந்தது. அடித்தொண்டையிலிருந்து வந்த பெரிய, கனமான சிரிப்பு. சரோஜா அக்கா. அடுத்த கணமே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பரமசிவம் அண்ணன் கீபோர்டைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருஷமாக அந்தச் சத்தத்தை அவர் வீட்டிலும் கேட்டிருக்கவில்லை என்று பிறகு சொன்னார். தில்லையம்பலம் அங்கிள் ஒரு டீயை எடுத்துக்கொண்டு தன் தீர்ப்பைச் சொன்னார்:

"நாலும் அஞ்சும் ஒண்டும் பத்து. டீயும் பத்து இருக்கு, கணக்கு சரி. பிழை விரலில்தான், பிள்ளை."

வெள்ளிக்கிழமை

கூட்டம் நிறைந்துவிட்டது. ஆர்மோனியக்காரர் தன் பழைய சுருதியில் ஆறு பாட்டு முடித்துவிட்டு, நம்ம பரமசிவம் ஒரு பாட்டு வாசிக்கிறாராம் என்று ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். சரோஜா அக்கா பெண்கள் வரிசையில் இருந்தார், பாடுவார் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணன் பொத்தானை அழுத்தினார். நாலு என்று மின்னுவதை எனக்கு ஒரு தடவையும் என்னோடு வந்திருந்த யாமினிக்கு இரண்டு தடவையும் காட்டினார். ஆரம்பித்தார். வீடு, கடை, பாலம். அங்கேதான் குரல் வர வேண்டும். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வீட்டுக்குத் திரும்பி மறுபடி ஒரு சுற்று வந்தார். நீளமான முன்னிசை என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். வீடு, கடை, பாலம். குரல் இல்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்மோனியக்காரர் தோளில் துண்டைச் சரிசெய்தார். பதினொரு வாரம் இந்த மனுஷர் ஓய்வு நாளில்கூடப் படுக்காமல் விரலை ஒடித்துக் கற்றதெல்லாம் இப்படியா முடியப்போகிறது என்று நினைத்தேன்.

மூன்றாவது சுற்று. வீடு, கடை, பாலம். அங்கேயே நின்றுவிட்டார். ஜி கார்டு. தாளம் மட்டும் போகிறது, கார்டு மாறவில்லை. இன்னொரு ஜி. இன்னொன்று. நான் ஒற்றை விரலைத் தூக்கினேன். பாலத்தில் நில்லுங்கள், நில்லுங்கள் என்று பதினொரு வாரம் இவரிடம் மன்றாடியவள், போதும், வீட்டுக்குப் போய் முடித்துவிடுங்கள் என்று இப்போது விரலைத் தூக்கிக்கொண்டு கெஞ்சினேன். பார்த்தார். பார்த்தும் அசையவில்லை. தலையை என்னிடமிருந்து திருப்பி மனைவியைப் பார்த்தபடி அதே ஜி-யை அழுத்தினார். என்ன என்று யாருக்கும் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று வந்து சேராமல் நிற்கிறது என்பது எல்லார் காதுக்கும் தெரிந்துவிட்டது. கற்பூரத் தட்டோடு போன பூசாரிகூடத் திரும்பிப் பார்த்தார். சரோஜா அக்கா நிமிர்ந்தார். முகத்தில் பக்தி ஒன்றுமில்லை, கோபம்தான் இருந்தது. என் பாட்டை இந்த ஆள் இப்படிப் போட்டு வதைக்கிறாரே என்கிற கோபம். அதே கோபத்தோடு வாயைத் திறந்து பாட்டை எடுத்தார்.

கனமான குரல். முன்வரிசையில் ஒரு பெண் யார் பாடுவது என்று திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் திரும்பினார். குழுவில் இரண்டு பேருக்கு அந்தச் சுருதி எட்டாமல் நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் தடவித் தடவிப் பின்னால் போனார்கள். கடைசி வரியை அக்கா பழைய வழக்கப்படி நீளமாக இழுத்தார். நான் விரலையே தூக்கவில்லை, தூக்கத் தேவையும் இருக்கவில்லை. அண்ணன் பாலத்தில் நின்றார். அக்கா கடைசிச் சொல்லுக்கு இறங்கிய அதே நொடியில் அவரும் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த தில்லையம்பலம் அங்கிள் கைக்குட்டையை நீட்டினார், துவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அப்புறம் சுண்டல் கொடுக்கும் இடத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "புதன்கிழம வரைக்கும் பாட மாட்டேன்னீங்களே அக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டேன். தூரத்தில் அண்ணன் கீபோர்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, யாமினியைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டும் இருந்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே சுண்டலை மென்றார். பிறகு யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று அந்தப் புதுக் குரலில் சத்தமாகவே சொன்னார்:

"இந்த மனுசன் பாலத்துல நின்னுக்கிட்டு ஹார்ன் அடிச்சிக்கிட்டே இருந்தா, நான் போயி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வராம வேற என்ன செய்யறது, டீச்சர்?"

ஆக, மூன்று கார்டுகளைச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும், ஆனால் நடுவில் இருக்கிற ஒன்றில் எதற்காக நிற்க வேண்டும் என்பதை எனக்கே சொல்லிக்கொடுக்க, அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கப் பிடிக்காத ஒரு பஸ் டிரைவர்தான் வர வேண்டியிருந்தது.